சிலைக்கு வழி உண்டு, ஓவியத்துக்கு இல்லை
விக்கிப்பீடியாவின் படக் கிடங்கும் பதிப்புரிமைக் கணக்கும்

கன்னியாகுமரியில் படகில் போகும்போது 133 அடி வள்ளுவர் சிலையைச் செல்போனில் எடுக்கிறீர்கள். படம் நன்றாக வந்திருக்கிறது. விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கெல்லாம் படம் கொடுக்கும் 'விக்கிமீடியா பொதுவகம்' என்ற கிடங்கில் அதைத் தாராளமாக ஏற்றலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஊர் திரும்பும் வழியில் ஓர் அரசு அலுவலகச் சுவரில், ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருக்கும் வள்ளுவர் ஓவியத்தையும் எடுத்து ஏற்றினீர்கள் என்றால் விதிப்படி அது நீக்கப்பட வேண்டிய படம்.

குறளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. வள்ளுவரின் முகத்துக்குக் கொண்டாடலாம். இன்று நாம் வள்ளுவர் என்று நினைத்தவுடன் மனத்தில் வரும் அந்த உருவம் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. அவர் 1989-ல் மறைந்தார். இந்தியச் சட்டத்தில் ஓவியத்தின் பதிப்புரிமை, வரைந்தவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு. உரிமை உள்ளவர்கள் எழுதிக் கொடுத்தாலொழிய 2049 முடியும்வரை அந்தப் படம் பொதுச் சொத்து ஆகாது.

அப்படியானால் சிலை மட்டும் எப்படி? அதை உருவாக்கிய கணபதி ஸ்தபதி மறைந்தது 2011-ல்தான். சிலை திறந்ததே 2000 ஜனவரி 1. கணக்குப் பார்த்தால் சிலையின் உரிமை ஓவியத்தைவிட நீண்ட நாள் உயிரோடிருக்கும். ஆனால் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு ஒரு சலுகை தருகிறது. பொதுமக்கள் போய்வரும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது. கட்டடங்களுக்கும் இதே கதைதான். விக்கிக்காரர்கள் இதைப் 'பனோரமா சுதந்திரம்' என்பார்கள். ஓவியம், சுவரோவியம், விளம்பரப் பலகை ஆகியவை இந்தச் சலுகையில் வராது. அரசுப் பேருந்தின் உட்புறத்தைப் படமெடுக்கும்போது ஓட்டுநர் தலைக்கு மேலே வள்ளுவர் கையளவில் தெரிந்தால் பரவாயில்லை. படத்தின் பொருளே அவர் ஆகிவிட்டால்தான் வம்பு.

அதே சிலை பாரிசில் நின்றிருந்தால் அதற்கும் இடம் கிடைத்திருக்காது. பிரான்சு 2016-ல் ஒரு சலுகை கொண்டுவந்தது. ஆனால் அது தனிநபர்கள் வணிக நோக்கமின்றி எடுக்கும் படங்களுக்கு மட்டும். பொதுவகத்துக்கு அது போதாது. பெல்ஜியத்தின் பிரசல்சில் 1958 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய அட்டோமியம் என்ற பிரம்மாண்ட உலோகக் கட்டடத்தை, 2016-ல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்படும்வரை விக்கிமீடியாவில் காட்ட முடியவில்லை. கட்டடம் இருக்கும் இடத்தை மட்டும் கறுப்பாக அடித்துவிட்டு, சுற்றியுள்ள வானத்தையும் மரத்தையும் காட்டும் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். கிண்டல்தான். சட்டத்தைப் படிக்காதவர்களுக்கும் விஷயம் புரிந்தது.

ஒரு கிடங்கு, முந்நூறு மொழிகள்

2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது இப்படி ஒரு கிடங்கு கிடையாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு தாமரைப் படம் இருந்தால், தமிழில் அதைக் காட்ட அதே படத்தை இறக்கி மறுபடி தமிழில் ஏற்ற வேண்டும். இந்தியில் இன்னொரு முறை, மலையாளத்தில் இன்னொரு முறை. எந்தப் படத்தை யார் எடுத்தார், என்ன உரிமம் கொடுத்தார் என்ற விவரம் ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே போகும். 2004 மார்ச்சில் ஜெர்மானியரான எரிக் மோல்லர், எல்லா விக்கிகளுக்கும் பொதுவான ஒரே படக் கிடங்கு வேண்டும் என்று முன்மொழிந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 7-ல் பொதுவகம் திறந்தது. 2006 நவம்பர் கடைசியில் பத்து லட்சம் கோப்புகள், 2011-ல் ஒரு கோடி. இன்று பத்துக் கோடிக்கும் மேல்.

வேலை செய்யும் விதம் எளிது. கட்டுரையில் ஒரு படத்தின் பெயரை எழுதினால், மென்பொருள் முதலில் அந்த மொழி விக்கியிலேயே அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பொதுவகத்தில் தேடி எடுத்துவந்து காட்டும். விக்கிமீடியாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கல்லூரியோ ஊர் வரலாற்றுக் குழுவோ விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் சொந்தமாக விக்கி நடத்தினால், அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். பத்துக் கோடிப் படங்களும் அவர்கள் கட்டுரைகளுக்கும் கிடைக்கும். படத்தைச் சொடுக்கினால் எடுத்தவர் பெயரும் உரிமமும் கூடவே வரும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பொதுவகத்தில் ஒரு படம் நீங்கினால், அதைப் பயன்படுத்திய எல்லா மொழிகளிலும் ஒரே நேரத்தில் போய்விடும். ஒரு தானியங்கி நிரல் பின்னாலேயே வந்து, கட்டுரைகளிலிருந்து அந்தப் பெயரைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும். தமிழ்க் கட்டுரையை எழுதியவர் ஒருநாள் காலையில் பார்த்தால் படம் இருந்த இடம் காலியாக இருக்கும். நீக்கலாமா கூடாதா என்ற விவாதம் பொதுவகத்தில் குறைந்தது ஒரு வாரம், பெரும்பாலும் ஆங்கிலத்தில், நடந்து முடிந்திருக்கும். அவருக்கு அது தெரிந்தேயிருக்காது. தமிழ் விக்கிப்பீடியர்களின் பழைய குறை இது, நியாயமான குறையும்கூட.

கிடங்குக்கு ஏன் இத்தனை கறார்?

'நியாயப் பயன்பாடு' என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறதே, விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் படத்தைப் பயன்படுத்தலாமே என்று பலர் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை படத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதோடு வருகிறது. 'முள்ளும் மலரும்' திரைப்படம் பற்றிய கட்டுரையில் அந்தப் படத்தின் சுவரொட்டியைச் சிறிய அளவில் வைத்தால், எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதைக் காட்டுகிறோம் என்று வாதாடலாம். அதே சுவரொட்டி ஒரு கிடங்கில் சும்மா கிடந்தால் என்ன வாதம் இருக்கிறது? கிடங்குக்கு என்று ஒரு பயன்பாடே கிடையாது. யார் வந்து எடுப்பார்கள், எந்த நாட்டில், டி-சட்டையில் அச்சிடவா பாடநூலில் போடவா என்பது தெரியாது. அதனால் எந்தப் பயன்பாட்டுக்கும் தடையில்லாத படங்களை மட்டுமே அங்கே வைக்க முடியும். பத்து வீட்டுக்கும் தண்ணீர் போகும் தொட்டி அது. தன் வீட்டுக் குடத்தில் யார் எதைக் கலந்து குடித்தாலும் சரி, தொட்டியில் கலக்கக் கூடாது.

அந்தக் குடத்துக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2007 மார்ச்சில், விக்கிப்பீடியாவையும் பொதுவகத்தையும் நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு தீர்மானம் போட்டது. ஒவ்வொரு மொழி விக்கியும் விரும்பினால் தனக்கென்று விதிவிலக்குக் கொள்கை எழுதிக்கொண்டு, உரிமையுள்ள படங்களைக் குறைந்த அளவில், குறைந்த தரத்தில், தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பொதுவகத்துக்கு மட்டும் அந்த வாய்ப்பே இல்லை. ஜெர்மன், ஸ்பானிஷ் விக்கிப்பீடியாக்கள் விதிவிலக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டன. தமிழ் விக்கிப்பீடியா வைத்துக்கொண்டது. தமிழில் திரைப்படக் கட்டுரைகளில் சுவரொட்டிகளைப் பார்க்கிறோம் என்றால் அவை தமிழ் விக்கியில் தனியாக ஏற்றப்பட்டவை.

அடுத்த முட்டல் வணிகம். 'கல்விக்காக யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், காசு பண்ண மட்டும் விடமாட்டேன்' என்று சொல்லும் புகைப்படக்காரர்கள் நம் ஊரில் நிறைய. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 கடைசியில் வெளியிட்ட முதல் உரிமங்களிலேயே 'வணிகமல்லாத' என்ற வகை உண்டு. பொதுவகம் அதை ஏற்பதில்லை. 'மாற்றக் கூடாது' என்ற வகையையும் ஏற்பதில்லை. சிவகாசியில் ஒரு சிறு அச்சகம் போட்டு, அடக்க விலையோடு பத்து ரூபாய் சேர்த்து விற்கும் மாணவர் கையேடும் வணிகம்தான். இந்தக் கட்டுரையை அச்சிடும் வார இதழும் வணிகம்தான். வணிகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கத் தொடங்கினால் முடிவே இல்லை. பொதுவகம் கோட்டையே அழித்துவிட்டது. பதிலுக்குப் புகைப்படக்காரரின் கையில் இரண்டு பிடி கொடுக்கிறது. பெயர் போட்டாக வேண்டும். மாற்றி வெளியிட்டால் மாற்றியதையும் இதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். 'பகிர்வதும் அதே மாதிரி' என்ற இந்தப் பிடி, வணிகத் தடையைவிட வலுவானது என்பது என் எண்ணம். படத்தை எடுத்துத் தன் அட்டைப்பட வடிவமைப்பில் கலந்துவிட்டு, மொத்தமும் எனக்கே சொந்தம் என்று சொல்ல நினைக்கும் பெரிய நிறுவனத்துக்கு அதுதான் தொண்டையில் சிக்கும்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. உரிமம் கொடுப்பது படத்துக்கு, படத்தில் இருப்பவருக்கு அல்ல. 2007-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு செல்போன் நிறுவனம், இணையத்தில் தாராள உரிமத்தில் கிடைத்த ஒரு படத்தை எடுத்து விளம்பரமாக ஒட்டிவிட்டது. படத்தில் இருந்தது அமெரிக்காவில் டெக்சாசைச் சேர்ந்த பள்ளி மாணவி. எடுத்தவர் பெயர் போட்டாயிற்று, உரிம விதி மீறப்படவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. வழக்கு வந்தது, ஆஸ்திரேலிய நிறுவனத்தை டெக்சாஸ் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று தள்ளுபடியும் ஆனது. பள்ளி ஆண்டுவிழாப் படங்களை மொத்தமாக ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கும் ஆசிரியர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

தாத்தாவின் ஸ்டூடியோ படம்

தமிழில் எழுதுகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. எழுபதுகளில் நன்றாக எழுதி, பிறகு மறக்கப்பட்ட ஒரு சிறுகதை எழுத்தாளர் என்று வைத்துக்கொள்வோம். விக்கிப்பீடியாவில் அவர் பற்றிய கட்டுரை இருக்கிறது, படம் இல்லை. பேத்தி பீரோவிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுக்கிறாள். தாத்தா கோட்டு போட்டு, பின்னால் வரைந்த திரை. ஸ்கேன் செய்து ஏற்றுகிறாள். 'இது யாருடைய ஆக்கம்?' என்று படிவம் கேட்கிறது. என் வீட்டில் இருந்தது, நான்தானே ஸ்கேன் செய்தேன் என்று 'சொந்த ஆக்கம்' என்பதைத் தேர்வு செய்கிறாள். அடுத்த சில நாளில் அவளுடைய பேச்சுப் பக்கத்தில் அறிவிப்பு வந்து விழுகிறது. படத்தின் வலது கீழ் மூலையில், காகிதத்தில் அழுத்திப் பதித்த ஸ்டூடியோ முத்திரை ஸ்கேனிலும் லேசாகத் தெரிகிறது. எடுத்தவர் நீங்கள் இல்லை, அனுமதி எங்கே?

பேத்திக்குக் கோபம் வருகிறது. எங்கள் தாத்தா படத்துக்கு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

வேடிக்கை என்னவென்றால், சட்டம் அநேகமாக அவள் பக்கம்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவில், ஒருவர் காசு கொடுத்துத் தன் பொருட்டு எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டூடியோவில் தாத்தா பணம் கட்டினார் என்றால் உரிமை தாத்தாவுக்கு. அவருக்குப் பின் வாரிசுகளுக்கு. கல்யாண ஆல்பத்துக்கும் இதே விதிதான் என்று சொன்னால் நம்பாத புகைப்படக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பொதுவகத்தில் இருந்து படத்தைப் பரிசோதிப்பவர் போலந்திலோ பிரேசிலிலோ உட்கார்ந்திருப்பார். கேமராவை அழுத்தியவருக்கே உரிமை என்ற பொது விதியில் பழகியவர். அவரிடம் நம் 17-வது பிரிவை எடுத்துச் சொல்வது நம் வேலை. பேத்தி செய்த பிழை படத்தை ஏற்றியது அல்ல, 'சொந்த ஆக்கம்' என்று எழுதியதுதான். எடுத்தவர் இடத்தில் ஸ்டூடியோ பெயர், மூலம் என்ற இடத்தில் குடும்ப ஆல்பம், தோராயமான ஆண்டு, உரிமை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வாக்கியம், வாரிசு என்ற முறையில் அவள் தரும் உரிமம். இப்படி எழுதியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

அதே தாத்தா ஒரு இலக்கியக் கூட்டத்தில் பேசும்போது பத்திரிகைக்காரர் எடுத்த படம் என்றால், குடும்பத்துக்கு அதில் ஒரு உரிமையும் இல்லை. பிரதி ஒன்று வீட்டில் இருப்பதால் எதுவும் மாறாது.

மிகப் பழைய படங்களுக்கு வேறு கணக்கு. 1958 ஜனவரியில் இப்போதைய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு எடுத்த புகைப்படங்களுக்கு, எடுத்த நாளிலிருந்து 50 ஆண்டுதான் உரிமை என்பது பொதுவகத்தார் பின்பற்றும் கணக்கு. ஆனால் விக்கிமீடியா அறக்கட்டளை அமெரிக்காவில் இருப்பதால் அந்த நாட்டுக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும். 1996 ஜனவரி 1 அன்று சொந்த நாட்டில் உரிமை உயிரோடிருந்த வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அமெரிக்கா தன் மண்ணில் மறுஉயிர் கொடுத்துவிட்டது. ஆகவே 1946-க்கு முன் எடுத்த படம் என்றால் இரண்டு கணக்கிலும் தப்பியது. அதற்குப் பிறகு எடுத்தது என்றால், இந்தியாவில் சுதந்திரமாக இருக்கும் படம் அமெரிக்காவில் பூட்டிக் கிடக்கலாம். பாரதியின் புகைப்படங்கள் பிரச்சினையில்லை. ஐம்பதுகளில் எடுத்த படங்களில்தான் தலை சுற்றும்.

செல்போன் வந்த பிறகு எடுத்தவர் யார் என்பதிலும் குழப்பம். உயிரோடிருக்கும் எழுத்தாளர் ஒருவர், 'என் போனில் இருக்கும் படம்தான், ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று அனுப்புவார். போன் அவருடையது, எடுத்தவர் பக்கத்து இருக்கை நண்பர். உரிமை நண்பருக்கு. செல்ஃபி என்றால் சிக்கலில்லை. குரங்கு எடுத்த செல்ஃபிக்குக்கூடப் பொதுவகம் ஒரு நிலை எடுத்தது. இந்தோனேசியாவின் சுலவேசியில் ஒரு பிரிட்டிஷ் புகைப்படக்காரரின் கேமராவில் ஒரு குரங்கு தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தை நீக்க 2014-ல் மறுத்துவிட்டார்கள். எடுத்தது மனிதரல்ல, ஆகவே உரிமையாளரே இல்லை என்பது வாதம். அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் விலங்குகள் படைத்ததைப் பதிய முடியாது என்று எழுதியது. கேமரா வாங்கி, காட்டுக்குச் சுமந்து, காத்திருந்த மனிதருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் பக்கம் எனக்கு இரக்கம் உண்டு.

நடிகர் நடிகையர் விஷயம் இன்னொரு வேடிக்கை. சென்னையில் நாள் தவறாமல் பட விழாக்கள் நடக்கின்றன. ஆயிரக்கணக்கில் படங்கள் எடுக்கிறார்கள். திறந்த உரிமத்தில் கிடைப்பது கொஞ்சம். மும்பையின் பாலிவுட் ஹங்காமா தளம், தன் புகைப்படக்காரர்கள் படப்பிடிப்புத் தளங்களிலும் விருந்துகளிலும் விழாக்களிலும் எடுக்கும் படங்களைப் பெயர் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொதுவகத்துக்கு அனுமதி கொடுத்தது. பல தென்னிந்திய நட்சத்திரங்களின் விக்கிப்பீடியா படத்தில், பின்னணியில் ஏதோ ஒரு மும்பை விருது விழாவின் பலகை தெரிவது இதனால்தான். கோடம்பாக்கத்தில் ஒரே ஒரு தளம் இப்படி ஓர் அஞ்சல் அனுப்பினால் கதை மாறிவிடும். அதனால் அவர்களுக்கு நஷ்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எந்த மொழியில் படத்தைச் சொடுக்கினாலும் அவர்கள் பெயர் வரும்.

அரசு எழுத்தை விடுவித்தது, படத்தை மறந்தது

பெரிய கை திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008 டிசம்பரில் ஒரு லட்சம் அளவிலான வரலாற்றுப் படங்களைப் பொதுவகத்துக்குத் தர முன்வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இன்றித் திறந்துவிட்டது. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. லண்டனின் தேசிய உருவப்பட அரங்கம், பல நூறாண்டுப் பழமையான ஓவியங்களின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துல்லியப் படங்களைப் பொதுவகத்தில் ஏற்றியதற்காக ஒரு பயனருக்கு 2009-ல் வக்கீல் நோட்டீசு அனுப்பியது. பழைய ஓவியத்தை அப்படியே படமெடுப்பதில் புதிய உரிமை பிறக்காது என்று நியூயார்க் நீதிமன்றம் 1999-லேயே சொல்லியிருந்தது. படங்கள் இன்றும் பொதுவகத்தில் இருக்கின்றன.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ள முழு உரிமை உள்ள மாநிலம். 1949-ல் பாரதியின் எழுத்துரிமையை அரசு வாங்கி, பின்னர் மக்களுக்கு விட்டது. பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள், குடும்பத்துக்குப் பரிவுத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆயின. ஆனால் 'நாட்டுடைமை' என்றால் சட்டப்படி என்ன, வெளிநாட்டில் அச்சிடலாமா, மாற்றலாமா என்பதை அரசாணைகள் தெளிவாகச் சொல்லவில்லை. பொதுவகம் போன்ற இடத்துக்குத் தெளிவு இல்லாமல் எதுவும் நுழையாது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ் விக்கிமீடியர்களும் சேர்ந்து இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். 91 எழுத்தாளர்களின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், எந்த உரிமையும் கோராத 'சிசி ஜீரோ' அறிவிப்போடு வந்தன. ஸ்கேன் செய்த கோப்புகள் பொதுவகத்தில் ஏறின. அங்கிருந்து பக்கம் பக்கமாகத் விக்கிமூலம் என்ற தமிழ் இணைய நூலகத்துக்குப் போய், எழுத்துணரி மென்பொருள் படித்துக் கொடுத்ததை மனிதர்கள் திருத்தி வருகிறார்கள்.

அந்த எழுத்தாளர்களின் படங்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நூல் முழுவதும் திறந்து கிடக்கிறது. நூலாசிரியரின் முகத்தைப் பொதுவகத்தில் தேடினால் பலருக்குக் கிடைக்காது. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் படத்தை வெட்டி எடுக்க முடியாது. நூலின் உரிமையோடு அட்டை ஓவியத்தின் உரிமையும் பின்னட்டைப் புகைப்படத்தின் உரிமையும் சேர்ந்து வருவதில்லை. அவை வேறு ஆட்களுடையவை.

தொகை வாங்க வாரிசுகள் கையெழுத்துப் போடும் படிவத்தில் இன்னும் ஒரு பத்தி சேர்த்தால் போதும். குடும்பத்திடம் உள்ள, குடும்பம் பணம் கொடுத்து எடுத்த இரண்டு படங்கள், கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கம். இவற்றையும் அதே 'சிசி ஜீரோ' அறிவிப்பில் விடுவிக்கிறோம் என்று ஒரு வரி. வள்ளுவர் ஓவியத்துக்கும் 2049 வரை காத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வோர் அலுவலகத்திலும் அதை மாட்டிவைத்திருக்கும் அரசு, உரிமையாளர்களோடு உட்கார்ந்து பேசி ஓர் ஆணை போடலாம். ஆணையில் 'பொதுமக்கள் பயன்படுத்தலாம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்த உரிமம், எந்தப் பதிப்பு, வணிகத்துக்கும் மாற்றத்துக்கும் அனுமதி உண்டா என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

தனிமனிதர் செய்வதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேத்தியின் படத்தைக் காப்பாற்ற அவள் அனுப்ப வேண்டியது ஓர் அஞ்சல். 'இன்ன பெயருள்ள கோப்பின் பதிப்புரிமை இன்ன வழியில் என்னுடையது. அதை கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு - அதேமாதிரிப் பகிர்வு 4.0 உரிமத்தில் வெளியிடுகிறேன். யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று அறிவேன். இதைத் திரும்பப் பெற முடியாது என்றும் அறிவேன்.' பொதுவகத்தின் அனுமதிக் குழுவில் இருக்கும் தன்னார்வலர்கள் அதைப் படிப்பார்கள். தமிழிலேயே எழுதலாம், படிக்க ஆள் அகப்படக் கொஞ்சம் நாளாகும். சந்தேகம் இருந்தால் மறுகேள்வி கேட்பார்கள். அதற்குள் படம் நீக்கப்பட்டுவிட்டாலும் பதற வேண்டாம். பொதுவகத்தில் நீக்கியது அழிவதில்லை, நிர்வாகிகளின் கண்ணுக்கு மட்டும் தெரியும் இடத்துக்குப் போகிறது. அனுமதி சரியாக இருந்தால் அதே பெயரில், பழைய விவரங்களோடு திரும்ப வரும். பதிப்புரிமை முடியாததால் நீக்கியவற்றுக்கு என்றே 'இன்ன ஆண்டில் மீட்க வேண்டியவை' என்று ஆண்டுவாரியாகப் பட்டியல்கள் வைத்திருக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டின் ஆண்டுகளுக்கும் அங்கே பக்கம் திறந்தாயிற்று.